ரெயில் மாட்டினால் குறி வந்துவிடுமா?



போன ஆடிப் பதினெட்டு முடிந்த மறுவாரம். மிளகுக் கொடியைச் சில்வர் ஓக் மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். பங்காளி வீட்டுப் பேரன் ஒருவன் கையில் அட்டைப்பெட்டியோடு வந்தான்.

"தாத்தா, ரெயில் வந்திருச்சு. செம்மேட்டுக்குப் போயி வாங்கியாந்தேன்" என்றான்.

திண்ணையில் பயறு புடைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி நிமிர்ந்து பார்த்து, "எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி பைல் நாட்டுக்கு ரயிலா? யாருடா விட்டது?" என்று கேட்டாள். பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியைப் பார்த்ததுமே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். துப்பாக்கியின் மேல் ஸ்கோப் என்கிற தூரநோக்கியை உட்கார வைப்பதற்கு ஒரு உலோகப் பட்டை உண்டு. குறுக்கே வரிசையாகக் காடி வெட்டியிருக்கும். பார்க்கத் தண்டவாளக் கட்டைகள் மாதிரி இருக்கும். ரெயில் என்று பெயர். அமெரிக்காவில் நியூஜெர்சியில் உள்ள பிக்காட்டினி ஆயுதச்சாலையின் பெயரால் 1995-இல் இதற்கு ஓர் இராணுவ அளவு வகுத்தார்கள். காடியின் அகலம் 5.23 மில்லிமீட்டர், ஒரு காடிக்கும் அடுத்த காடிக்கும் 10 மில்லிமீட்டர். இந்த அளவு வந்த பிறகு யார் செய்த ஸ்கோப்பும் யார் செய்த ரெயிலிலும் உட்காரும் என்று ஆகிவிட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ரெயிலின் மேல்பக்கத்துக்குத்தான் இந்த அளவு. அதன் அடிப்பக்கம் துப்பாக்கியை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு எந்த அளவும் கிடையாது. வில்லங்கம் எல்லாம் அங்கேதான்.

"எதுல மாட்டறதுக்குடா கண்ணு?" என்று கேட்டேன்.

"அது உங்களுக்கு எதுக்குங்க தாத்தா? எப்படி மாட்டறதுன்னு காட்டிக் குடுங்க. நீங்க பட்டாளத்துல இதே வேலதானே பார்த்தீங்க?"

ஆமாம், இதே வேலைதான். 1974-இல் பதினெட்டு வயதில் மலையிறங்கிப் போய் இராணுவத்தில் சேர்ந்தேன். இ.எம்.இ. படைப்பிரிவில் ஆர்மரர். அதாவது துப்பாக்கி பழுது பார்க்கிறவன். செகந்திராபாத்தில் பயிற்சி. 1998-இல் ஹவில்தாராக ஓய்வு பெறும் வரை இருபத்து நாலு வருஷம் கையில் திருப்புளியும் கண்ணில் அளவுகோலுமாகவே வாழ்க்கை போயிற்று.

பையனைத் தப்பாக நினைக்காதீர்கள். அவன் வேட்டைக்கு அலைகிறவன் இல்லை. அரை ஏக்கர் குச்சிக்கிழங்கு, கடன் வாங்கிப் போட்ட உரம். மூன்றே ராத்திரியில் காட்டுப்பன்றிக் கூட்டம் மூக்கால் உழுது போட்டுவிட்டுப் போய்விட்டது. காலையில் அந்தக் காட்டில் நின்று அவன் அம்மா அழுததை நானும் பார்த்தேன். அந்தக் கோபத்தில் செல்போனைத் தட்டி வாங்கிய சாமான் இது.

அவனுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். மாட்டுவது பத்து நிமிஷ வேலை. மாட்டியதைச் சோதிப்பதுதான் வேலை. சோதிக்க வழியில்லாத இடத்தில் மாட்டவே கூடாது. இது என் முடிவான அபிப்பிராயம். எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு.

2017-இல் மகன் வீட்டுக்கு அமெரிக்காவில் டெக்ஸாஸ் போயிருந்தேன். மருமகளுக்குப் பிரசவம். மூன்று மாதம் இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் தச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவர், என் வயதுக்குக் கொஞ்சம் மூத்தவர். நான் பட்டாளத்துக்காரன், துப்பாக்கி வேலை பார்த்தவன் என்று மகன் சொல்லியிருக்கிறான். ஒருநாள் சாயங்காலம் அவர் என்னைத் தன் கொட்டகைக்கு அழைத்துப் போய் ஒரு ரைஃபிளை எடுத்து மேசையில் வைத்தார். "இது உங்க ஊர்க்காரிதான்" என்றார்.

பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. பிடிக்குப் பக்கத்தில் ஆர்.எஃப்.ஐ. என்ற முத்திரை. ரைஃபிள் ஃபேக்டரி இஷாப்பூர். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உள்ள நம் சர்க்கார் தொழிற்சாலை. கீழே 1966 என்று வருஷம். கல்யாணமாகி எங்கோ போன நம் ஊர்ப் பெண்ணை அயலூர்ச் சந்தையில் பார்த்த மாதிரி இருந்தது.

அது 2ஏ1 என்ற ரகம். 1962 சீனப் போருக்குப் பிறகு, பழைய லீ என்ஃபீல்டு .303 அமைப்பையே வைத்துக்கொண்டு, உருக்கை மட்டும் வலுவாக்கி, 7.62 தோட்டாவுக்காக இஷாப்பூரில் செய்தது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்ட்டை இழுத்துவிட வேண்டும். அரசாங்கம் கழித்துவிட்ட பிறகு ஏராளமாக வெளிநாட்டுக்குப் போயிற்று. அமெரிக்காவில் ஒரு காலத்தில் இருநூறு டாலருக்குள்ளேயே கிடைத்ததாம். நம் நாட்டில் தனியார் யாரும் அதை வைத்துக்கொள்ள முடியாது. இராணுவத் தோட்டா போடுகிற துப்பாக்கி என்பதால் .303-உம் தனியாருக்குக் கிடையாது. லைசென்ஸ்காரர்களுக்காகவே .315 என்று தனியாக ஒரு ரைஃபிளை அதே இஷாப்பூரில் செய்தார்கள்.

அந்தப் பெரியவர் பின்குறித் தகட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கடையில் வாங்கிய ரெயில் ஒன்றைப் பொருத்தியிருந்தார். துளை போட வேண்டியதில்லை, திருகை முடுக்கினால் போதும் என்று பெட்டியில் போட்டிருந்ததாம். மேலே ஒரு ஸ்கோப். "முதல்ல நல்லா இருக்கு. பத்து தோட்டா போனதும் எங்கேயோ சுடுது. துப்பாக்கி கெட்டுப்போச்சா, என் கை கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

மறுநாள் மூவரும் சுடும் மைதானத்துக்குப் போனோம். அங்கே பணம் கட்டி யாரும் சுடலாம். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, பின்னால் இருபதடி உயர மண்மேடு. நூறு கஜத்தில் காகிதக் குறி. துப்பாக்கியை மணல்மூட்டை மேல் வைத்துச் சுட்டோம். ஸ்கோப்பை எந்தப் பக்கமும் திருகவில்லை. ஒரே இடத்தைப் பார்த்து ஐந்து தோட்டா. இதைப் பட்டாளத்தில் குரூப்பிங் என்போம். குறியில் படுகிறதா என்பது முதல் கேள்வியே இல்லை. ஐந்தும் ஒன்றாக விழுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஒன்றாக விழுந்தால் எங்கே விழுந்தாலும் திருத்திக்கொள்ளலாம். அந்தத் திருத்தத்துக்கு ஜீரோயிங் என்று பெயர். சிதறி விழுந்தால் திருத்த ஒன்றுமில்லை.

முதல் ஐந்தும் மூன்று அங்குல வட்டத்துக்குள் விழுந்தன. ஐம்பது வயதுத் துப்பாக்கிக்கு மரியாதையான கணக்கு. அடுத்த ஐந்து கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தன. மூன்றாவது ஐந்து, முதல் வட்டத்திலிருந்து ஆறு அங்குலம் தள்ளிப் போய் விழுந்தன. பெரியவர் என்னைப் பார்த்தார். நான் ரெயிலைப் பார்த்தேன்.

சுட ஆரம்பிக்கும் முன்பே அவர் மனைவியின் நகப்பாலிஷைக் கேட்டு வாங்கி, ரெயிலும் துப்பாக்கியும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுத்துவைத்திருந்தேன். இது எங்கள் உஸ்தாத் கற்றுக்கொடுத்த பழைய வித்தை. இப்போது அந்தக் கோடு ஒடிந்திருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அவ்வளவு சின்ன நகர்வு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ரெயிலின் நீளம் பன்னிரண்டு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் ஒரு முனை 0.1 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு தலைமுடிக் கனம், நகர்ந்துவிட்டது. நூறு மீட்டருக்கு அப்பால் அது எட்டு சென்டிமீட்டர் ஆகிவிடும். மூன்று அங்குலத்துக்கு மேல். இரண்டு முடிக்கனம் என்றால் ஆறு அங்குலம். ஆக, துப்பாக்கியும் கெடவில்லை, பெரியவரின் கையும் கெடவில்லை. இடையிலே வந்து உட்கார்ந்தவன் ஆடிக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு ராத்திரி அவர் கொட்டகையில் ரெயிலைக் கழற்றினோம். அடியில் எண்ணெய் வழுவழுவென்று இருந்தது. துடைத்தெடுத்து, ரெயிலின் அடிப்பக்கம் துப்பாக்கியின் வளைவோடு படிகிறதா என்று மை தடவிப் பார்த்தோம். பாதி இடம்தான் படிந்திருந்தது. அரத்தால் மெல்ல இழைத்துப் படியவைத்து, திருகுகளுக்கு மரைப்பசை போட்டு, ஒரு நாள் ஆறவிட்டோம். மறுபடி மைதானம். இருபத்தைந்து தோட்டா. முதல் ஐந்தும் கடைசி ஐந்தும் ஒரே இடம். சிவப்புக் கோடும் ஒடியவில்லை. பெரியவர் என் முதுகில் ஓங்கித் தட்டினார். அரைநாள் வலித்தது.

இது ஒன்றும் புதுச் சங்கதி இல்லை. இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரன் இதே லீ என்ஃபீல்டு வம்சத்தில், நம்பர் 4 ரைஃபிளில் ஸ்கோப் ஏற்றினான். தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்து நன்றாகக் குரூப் ஆகும் துப்பாக்கிகளை மட்டும் தனியே பொறுக்கி, லண்டனில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் என்ற பேர்போன துப்பாக்கிக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒவ்வொன்றுக்கும் பிடிப்பைக் கையால் பொருத்தினார்கள். ஸ்கோப் உயரத்துக்குக் கண் எட்ட வேண்டுமே என்று கட்டையில் கன்னம் வைக்க ஒரு மரத் தாங்கியும் திருகினார்கள். எந்த ஸ்கோப் எந்தத் துப்பாக்கிக்கு என்று எண் பொறித்தார்கள். மாற்றி மாட்டக் கூடாது. போர் நடக்கிற அவசரத்திலும் இவ்வளவு பொறுமை. துளை போட வேண்டாம், திருகை முடுக்கு, போய்ச் சுடு என்று யாரும் சொல்லவில்லை.

சரி, நம் மலைக்குத் திரும்புவோம். பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். வாய்ச்சொல் அவன் காதில் ஏறவில்லை. "அது வெள்ளக்காரன் துப்பாக்கி தாத்தா, இதுல அஞ்சு ஸ்டார் போட்டிருக்கான் பாருங்க" என்றான்.

"சரி வா, துப்பாக்கி இல்லாமலே காட்டறேன்" என்று பட்டறைக்கு அழைத்துப் போனேன். ஓர் அங்குலச் சதுர இரும்புக் கம்பியில் துளை போட்டு மரை வெட்டி, அவன் வாங்கிய ரெயிலை அவனையே முடுக்கச் சொன்னேன். பலம் கொண்ட மட்டும் முடுக்கினான். கம்பியை வைஸில் இறுக்கிக் கட்டினேன். ரெயிலுக்கும் கம்பிக்கும் ஒரு கோடு, கம்பிக்கும் வைஸுக்கும் ஒரு கோடு, பேத்தியின் நகப்பாலிஷில் இழுத்தேன். அறுபது காலடி தூரத்தில் வரப்போரப் பலாமரத்தில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு. ஸ்கோப்பின் குறுக்குக்கோடு அந்தப் பொட்டில் விழும்படி அவனே திருகி வைத்தான்.

பிறகு கொட்டாப்புளியை அவன் கையில் கொடுத்துக் கம்பியின் முனையில் இருபது அடி போடச் சொன்னேன். சுடும்போது துப்பாக்கி உதைக்கும் உதைக்கு அது பாதி கூட இல்லை.

"இப்போ பாரு."

குனிந்து பார்த்தான். கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பார்த்தான். குறுக்குக்கோடு சுண்ணாம்புப் பொட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, வெறும் பட்டையில் நின்றது. வைஸின் கோடு அப்படியே இருந்தது. ரெயிலின் கோடு மட்டும் ஒடிந்திருந்தது, வெறுங்கண்ணுக்கே தெரிந்தது.

"கெட்டியாத்தானே தாத்தா முடுக்கினேன்?"

"முடுக்கினதுல தப்பில்ல கண்ணு. தட்டிப் பார்க்கலைன்னா உனக்குத் தெரிஞ்சிருக்காது, அவ்வளவுதான். ராத்திரியில குறுக்குக்கோட்டுல பன்னி தெரியும். குண்டு ஒரு சாண் தள்ளிப் போகும். காயம்பட்ட பன்னி காலையில தண்ணி எடுக்க வர்ற பொம்பளைங்க மேல பாயும். இல்லேன்னா அடுத்த காட்டுல காவலுக்குப் படுத்திருக்கிறவன் மேல குண்டு போகும். ஸ்கோப்புக்குள்ள பார்க்கிறவனுக்குக் கை அகலம்தான் உலகம். பக்கத்துல யாரு நிக்கிறாங்கன்னு தெரியாது."

அவன் பேசவில்லை. நான் விடவில்லை. "சரி, இதை எங்க சுட்டுப் பார்ப்பே?" என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. இந்த மலையில் அதற்கு இடம் ஏது? 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவில் துப்பாக்கி செய்வது, விற்பது மட்டுமல்ல, பழுது பார்ப்பது, மாற்றி அமைப்பது, சோதித்துப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் வேண்டும் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறது. இருபத்து நாலு வருஷம் அதே வேலை பார்த்த எனக்கும் இன்றைக்கு அந்த உரிமை கிடையாது.

நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கிற யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் மருந்தைக் கையால் கிட்டிக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் அளவு மாறும், உருண்டை மாறும். குழலுக்குள் சுழல்காடி கிடையாது. அதனால் ஐந்தைச் சுட்டால் ஐந்தும் ஐந்து திசை. அதன் மேல் ஸ்கோப் வைப்பது மாட்டு வண்டிக்கு ஸ்பீடாமீட்டர் வைப்பது போல. குழல் வெடித்தால் ஸ்கோப்புக்கு அருகே வைத்திருக்கும் கண்தான் முதலில் போகும். நம் மாவட்டத்திலும் சேலம், கல்வராயன் பக்கமும் காவல் துறையும் வனத்துறையும் அவ்வப்போது ஒப்படைக்கச் சொல்லி அறிவிக்கிறார்கள். அறிவிக்கும்போது கொடுத்துவிடுவதே குடும்பத்துக்கு நல்லது.

என் பட்டாளத்துச் சிநேகிதர் ஒருவர் உண்டு. "பழைய துப்பாக்கிக்கு ரெயில் என்ன கேடு, கண்ணு இருக்கிறவனுக்கு இரும்புக் குறியே போதும்" என்பார். அதையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. டெக்ஸாஸ் பெரியவருக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தது. இரும்புக் குறியில் அவருக்கு முன்முள் தெரிந்தால் காகிதம் தெரியாது, காகிதம் தெரிந்தால் முள் தெரியாது. சரியாகப் பொருத்திச் சோதித்த ரெயில் அவருக்கு இருபது வருஷத்தைத் திருப்பிக் கொடுத்தது. கருவி மேல் எனக்கு விரோதமில்லை. சோதிக்காத நம்பிக்கை மேல்தான் விரோதம்.

அப்படியானால் பன்றிக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2025 ஜனவரியில் அரசு ஒரு முடிவு அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். சமவெளிக்கு இது சரி. நம் மலையில் காப்புக்காட்டுக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி யாருடைய குச்சிக்கிழங்கு இருக்கிறது? மலைக்கென்று தனி வழி வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. பயிர் இழப்பீடு சீக்கிரம் கைக்கு வர வேண்டும் என்றும் கேட்க வேண்டும். நாளைக்கே நம் மலையில் சுட வனத்துறை வந்தாலும், "ஐயா, இந்தத் துப்பாக்கியை மைதானத்தில் சுட்டுப் பார்த்தீர்களா?" என்று நான் கேட்கத்தான் போகிறேன். 7.62 குண்டு தடையில்லாமல் போனால் மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகும். எதிர் மலையிலும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

ஆடியில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தான் என்று வன்பரணர் பாடியதை மேடைக்கு மேடை சொல்கிறார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் கைத்தொழில்காரனுக்கு ஒரு நினைப்பு வரும். அந்த ஒரு அம்புக்கு முன்னால், நாணை இழுத்து, கட்டி, தளர்த்தி, மறுபடி கட்டி, வெறும் மரத்தில் அவன் எத்தனை அம்பு விட்டுப் பார்த்திருப்பான்? அதை யாரும் பாடுவதில்லை.

பேரன் ரெயிலைத் திருப்பி அனுப்பிவிட்டான். துளை போட்ட கம்பி என் பட்டறையில் கிடக்கிறது. கிழங்குக்கு இழப்பீடு கேட்டு, கிராம நிர்வாக அலுவலரின் சான்றோடு, போட்டோ ஒட்டி நானே மனு எழுதிக் கொடுத்தேன். பதில் வர வேண்டும். ஸ்கோப்பை மட்டும் அவன் வைத்துக்கொண்டான். நிலா வெளிச்சத்தில் பரண் மேல் உட்கார்ந்து, கூட்டம் எந்த ஓடை வழியாக இறங்குகிறது என்று பார்க்கிறான். பார்த்ததும் தகரத்தைத் தட்டுகிறான். போன வாரம் இரண்டு தரம் கூட்டம் திரும்பிப் போயிற்றாம்.

அதற்கு ரெயில் தேவையில்லை பாருங்கள்.